பென்குயின் வளக்கிற மருமகனுக்கு

மருமகன், இப்பிடி வந்து திண்ணையில இரு. லப்டொப்பை மூடாத, அதைப் பத்தித்தான் கதை.

விண்டோஸை அடியோட அழிச்சுப்போட்டு லினக்ஸ் போட்டிட்டாயாம். இனி எவன்ட பூட்டுக்குள்ளயும் நான் இல்லையெண்டு வவுணதீவுச் சந்தி வரைக்கும் சொல்லித் திரியிறியாம். நல்ல விசயம் மனே. கொம்மா மட்டும்தான் முகத்தைத் தூக்கி வச்சிரிக்கா. நீ அழிச்ச இடத்திலதான் அவட கல்யாணப் படமெல்லாம் கிடந்ததாம்.

சரி, பூட்டை உடைச்ச கையோட என்ன செய்தாய்? விண்டோஸுக்கெண்டே செய்த கேமுகளை ராவிராவா இறக்கி இதில ஓட்டப் பாக்கிறாய். நேத்துப் பின்னேரம் உன்ட முதுகுக்குப் பின்னால நிண்டு பாத்தன். கேமை அமத்தினாய். ஒரு சின்னப் பெட்டி வந்து வல்கன் ஷேடர் தயாராகுதெண்டு சொல்லிச்சு. 4 வீதம். நான் போய் மாட்டுக்குத் தண்ணி வச்சு, வெத்திலையும் போட்டுக்கொண்டு வந்து பாத்தன். 31 வீதம். லப்டொப் இரைஞ்ச இரைச்சலுக்குப் பூனை எழும்பிப் போயிட்டுது. அந்த இடைவெளிக்குள்ள நீ எனக்கு ஒரு முழு வகுப்பே எடுத்து முடிச்சிட்டாய்.

எனக்குக் காது நல்லாக் கேக்கும். நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இரிக்கு. கேம் விண்டோஸிட்ட ஒண்டைக் கேக்கும். வைன் எண்டொருத்தன் நடுவில நிண்டு அதை லினக்ஸுக்கு விளங்கிற பாசையில மாத்திக் கேட்டுக் குடுப்பான். 1993இல தொடங்கின வேலை, கனபேர் சம்பளம் இல்லாமப் பாத்த வேலை. படம் வரையிற பகுதியை மாத்திக் குடுக்க டிஎக்ஸ்விகே எண்டு இன்னொருத்தன். இவங்களை எல்லாம் ஒண்டாக் கட்டி, 2018 ஓகஸ்டில புரோட்டன் எண்டு பேர் வச்சு ஸ்டீம் எண்ட கேம் கடையின்ட சொந்தக்காரன் வால்வ் வெளியில விட்டான். அதோட உன்னைப் போல ஆக்களுக்குத் தலை கால் தெரியாமப் போயிட்டுது.

இப்ப நான் கேக்கிறன், அந்தக் கடைக்காரனுக்கு லினக்ஸில ஏன் இந்தப் பாசம்? நீ சொல்லாம விட்ட பகுதி இதுதான். 1998இல லோக்கி எண்டொரு கம்பனி விண்டோஸ் கேமுகளை முறைப்படி லினக்ஸுக்கு மாத்தி, பெட்டியில போட்டு வித்தது. நேர்மையான வியாபாரம். 2002இல இழுத்து மூடிட்டுப் போனாங்க. லினக்ஸ்காரர் கைதட்டினாங்க, சல்லி குடுக்கேல்ல. பத்து வருசம் கழிச்சு விண்டோஸ் 8 வருது. மைக்ரோசொப்ட் தன்ட கடையை விண்டோஸுக்குள்ளேயே திறக்குது. வால்வ் முதலாளி கேப் நியூவலுக்கு வயித்தைக் கலக்கிச்சு. இது பேரழிவு எண்டு 2012இல வாய்விட்டே சொன்னார். அடுத்த வருசம் பெப்ரவரியில ஸ்டீம் லினக்ஸுக்கு வந்திட்டுது. 2015இல ஸ்டீம் மெசின் எண்டு பெட்டி செய்விச்சு வித்தார், போகேல்ல. மனுசன் விடேல்ல. 2022 பெப்ரவரியில ஸ்டீம் டெக், உள்ள ஓடுறது ஆர்ச் லினக்ஸ். அது நல்லா வித்துப் போச்சு.

அதாவது மனே, உன்ட கேம் ஓடுறது சுதந்திரத்தால இல்லை. ஒரு பெரிய கடைக்காரனுக்குத் தன்ட கடை பறிபோயிடும் எண்ட பயத்தால. அந்தப் பயம் இரிக்கிற வரைக்கும் உனக்கு நல்ல காலம். 2025 ஒக்டோபரில ஸ்டீமில விளையாடுறவங்களில நூத்துக்கு மூண்டு பேர் லினக்ஸ் எண்டு கணக்கு வந்ததாம், அப்பதான் முதல் தடவையா மூண்டைத் தாண்டிச்சாம். நீ அதுக்குப் பாற்சோறு குடுத்தாய். மற்ற 97 பேரைப் பத்தி நான் ஒண்டும் கேக்கேல்ல, சாப்பிட்டிட்டன்.

அடுத்தது உங்கட சண்டை. எங்கட ஆக்கள் அம்மனுக்குக் கொம்புமுறி வைக்கிற நேரம் ஊர் வடசேரி, தென்சேரி எண்டு ரெண்டாப் பிரியும். ரெண்டு கொம்பையும் கொழுவி இழுப்பாங்க. இழுக்கிறதை விட வசை பாடுறதுதான் கூட. நீயும் உன்ட கூட்டாளியும் உபுண்டு லினக்ஸ், ஆர்ச் லினக்ஸ் எண்டு ரெண்டு பக்கமா நிக்கிறதைப் பாக்கக்குள்ள எனக்கு அந்த ஞாபகம்தான் வருது. ஆனா கொம்பு முறிஞ்சா எங்கட ஆக்கள் ஒண்டா இருந்து சாப்பிடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே கேமை, ஒரே ஸ்டீமில, ஒரே புரோட்டனில விளையாடிக்கொண்டே கதைக்காமத் திரியிறீங்க. உங்களுக்குள்ள முறியிறதுக்கு அங்க கொம்பு எங்க இரிக்கு?

படம் வரையிற சில்லுச் செய்யிற என்விடியாக்காரனைத் திட்டுறதை மட்டும் நான் ஒத்துக்கொள்றன். லினக்ஸைச் செய்த லீனஸ் டோர்வால்ட்ஸே 2012இல பின்லாந்தில கூட்டத்துக்கு முன்னால நடுவிரலைக் காட்டிப்போட்டார். பத்து வருசம் போய் 2022இலதான் அந்தக் கம்பனி தன்ட டிரைவரில ஒரு பகுதியைத் திறந்து விட்டது. அந்த விரல் காட்டினதால திறந்தது எண்டு நினைச்சு நீ கச்சேரியில போய்க் காட்டிப்போடாத.

இப்ப புத்தி சொல்றன், கேள். வலொரன்ட், போர்ட்நைட் எண்டு லினக்ஸில ஓடாததுகளோட தலையை முட்டாத. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் கொஞ்சக் காலம் ஓடிச்சு. 2024 ஒக்டோபர் கடைசியில அவங்களே லினக்ஸ்காரருக்குக் கதவைச் சாத்திட்டாங்க. கள்ள ஆட்டம் பிடிக்கிறதுக்கு வச்ச காவல் மென்பொருள் இயங்குதளத்தின்ட கருவான கேர்னல் வரைக்கும் போய்க் குந்தப் பாக்குது. லினக்ஸில கேர்னலை எவனும் தன்ட விருப்பத்துக்கு மாத்திக் கட்டலாம் எண்டு நீதானே நெஞ்சை நிமித்திச் சொன்னாய்? காவல்காரனும் அதைத்தான் சொல்றான், நெஞ்சை நிமித்தாம. எதையும் வாங்க முதல் புரோட்டன்டிபியில போய்ப் பார். விளையாடிப் பாத்த ஆக்களே பிளாட்டினம், தங்கம், வெள்ளி எண்டு போட்டு வச்சிரிக்காங்க. டொலர் விக்கிற விலைக்கு வாங்கிப்போட்டு மறுகா அழுறதை விட அது நல்லம்.

அந்த பல்டர்ஸ் கேட் 3ஐ இறக்கிறதையும் உடன நிப்பாட்டு. 150 ஜீபி இடம் கேக்குமாம். டேட்டாவுக்காக மட்டும் சொல்லேல்ல. அழிச்ச படம் வன்தட்டில அப்பிடியே கிடக்கும், மேல புதுசா ஒண்டு எழுதுற வரைக்கும். நீ இறக்கிற ஒவ்வொரு அரக்கனும் கொம்மாட கூறைச் சேலைக்கு மேலதான் ஏறி நிக்கிறான். போட்டோரெக் எண்டு சும்மா கிடைக்கிற மென்பொருள் இரிக்கு, திறந்த மூலம்தான், உன்ட கொள்கைக்கும் ஒத்து வரும். ஒரு பென் டிரைவில இருந்து லினக்ஸைக் கிளப்பி அதை ஓட விடு, எடுக்கிறதை வேற தட்டில எழுது. கேம் தொடங்காட்டி மூண்டு மணிக்கும் முழிச்சிரிக்கிற பொறுமை இதுக்கும் வேணும்.

படம் வந்தாலும் வராட்டியும் கொம்மாவை இருத்தி வெண்பா எண்ட கேமைக் காட்டு. டொரொண்டோவில விசை கேம்ஸ் 2023இல செய்தது. கனடாவுக்குப் போன தமிழ்த் தாய் ஒராள் பழைய சமையல் புத்தகத்தைப் பாத்துப் பாத்து இட்டலியும் புட்டும் அவிக்கிற கதை. 2024இல லண்டனில பாஃப்டா விருதும் எடுத்தது. அதுவும் விண்டோஸுக்கெண்டு வந்ததுதான், புரோட்டன் வழியா விளையாடலாம். புட்டுக் குழலை ஒழுங்கா அடுக்கத் தெரியாம நீ முழிக்கக்குள்ள அவ சிரிப்பா. சிரிச்சா உன்ட பாடு தப்பிச்சுது.

மூலத்தைப் பூட்டின கேம் விளையாடுறது பாவமோ எண்டு உனக்கொரு உறுத்தல் இரிக்கு, எனக்குத் தெரியும். சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கின அந்தத் தாடிக்கார மனுசன் ஸ்டோல்மனே 2012இல இதைப் பத்தி எழுதிரிக்கார்: அப்பிடியான கேம் சரியில்லைதான், ஆனா விளையாடித்தான் ஆகவேணுமெண்டா விண்டோஸை விட லினக்ஸில விளையாடுறது மேல் எண்ட கருத்தில. அவரே அவ்வளவு இறங்கி வந்திட்டார், நீ ஏன் கிழக்கு மாகாணத்தில நிண்டு இறங்காமக் கிடக்கிறாய்? திறந்து இரிக்கவேண்டியது எதெண்டு எங்கட நாட்டுக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமப் போன ஆக்களையும் முகாம் கணக்கையும் பதிய நம்மட நாட்டுப் பெடியனுகள் சகானா எண்டு ஒரு மென்பொருள் செய்தாங்க. திறந்த மூலம். அதால வேற நாடுகளில அனர்த்தம் வரக்குள்ளயும் எடுத்துப் பாவிச்சாங்க. அங்க பூட்டிரிந்தா எத்தினை பேருக்கு வினையாப் போயிருக்கும். துவக்குச் சுடுற கேமில பூட்டிரிந்தா உனக்கு ராவில கொஞ்சம் நித்திரை கூடும்.

முழுக்கத் திறந்ததுதான் வேணுமெண்டா 0 ஏ.டி. இரிக்கே. சல்லி இல்லை, பழைய லப்டொப்பிலயும் ஓடும். அதில மௌரியர் பக்கம் எடுத்தா வேலை யானை கிடைக்கும். நீ விறகு வெட்டக்குள்ள பக்கத்தில வந்து நிண்டு வாங்கிக்கொள்ளும், போ எண்டா போகும், வா எண்டா வரும். அதைப் பாத்து எனக்குச் சிரிப்பை அடக்கேலாமப் போயிட்டுது. எங்கட உன்னிச்சைக்கு வாற யானைக்கு இந்தச் செய்தியை யாராவது சொல்லி விடுங்க. வட்டைக்குள்ள இறங்கினா வெடி போட்டாலும் திரும்பிப் பாக்குதில்ல. அந்த யானையையும் ஆராவது திறந்த மூலத்தில எழுதினா நான் புகார் எழுதிப் போடுவன்.

எல்லாத்தையும் பகிடியா எடுத்துப்போடாத. உன்ட லப்டொப்புக்கு விண்டோஸ் 11 ஏறாது, 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான பாதுகாப்புத் திருத்தம் நிண்டிட்டுது. கடையில கிடைக்கிற கள்ள சீடியில வைரசையும் சேத்து வாங்கிறதை விட நீ செய்தது புத்தியான வேலை. உன்னிச்சைக் குளம் 33 அடிக்கு வந்து வான்கதவு திறக்கிற மாரியில கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அப்பவும் உன்ட பெட்டி பாதியில அப்டேட் எண்டு நிண்டு உயிரை வாங்காது. அதுக்கு நான் சாட்சி சொல்லுவன். கேமுக்காகத்தான் மாறினன் எண்டு மட்டும் யாருக்கும் சொல்லாத, நம்பமாட்டாங்க.

பிறகு ஒரு விசயம். பெரியாக்களுக்கு லினக்ஸ் விளங்காதெண்டு கொம்மாட்டச் சொன்னாயாம். பரணில காவல் இரிக்கக்குள்ள நான் இந்தப் போனில கரம் விளையாடுறன், கண்டிருப்பாய். அன்ட்ரொயிட். உள்ள இரிக்கிற கேர்னல் என்னெண்டு போய்ப் பார். நீ விண்டோஸில கள்ள கேம் ஓட்டின காலத்திலயே நான் லினக்ஸில சிவப்புக் காயைப் போட்டுக்கொண்டிருந்தவன். ஷேடரும் இல்லை, புரோட்டனும் இல்லை, ஒருத்தனோடயும் சண்டையும் இல்லை. போகக்குள்ள அந்தப் பவர்பேங்கை வச்சிட்டுப் போ, ராவைக்கு ஒரு பெரிய ஆட்டம் இரிக்கு.