இரண்டரைக் கட்டை

போன வாரம் ஒரு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. "குட் மார்னிங் சார்" என்றது ஒரு பெண் குரல், தேனில் ஊறிய பலாச்சுளை மாதிரி. என் பெயரைச் சொன்னேன். ஒரு விநாடி மௌனம்.

"சார், அக்கவுண்ட் ஹோல்டர் மேடம்கிட்ட ஃபோனைக் குடுக்க முடியுமா?"

"மேடம்தாம்மா பேசறேன்."

"செக்யூரிட்டி ரீசன் சார். மேடம்கிட்ட மட்டும்தான் பேசணும்."

பிறந்த தேதியைச் சொன்னேன். அம்மா பெயரைச் சொன்னேன். கடைசியாக ஏடிஎம்மில் எடுத்த தொகையையும் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்ததே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. பெண்டாட்டியைப் பற்றி இவ்வளவு விவரம் தெரிந்த புருஷன் எங்கேயாவது உண்டா?

எனக்குக் கட்டைக் குரல். பன்னிரண்டு வயதில் ஜலதோஷம் என்றார்கள், மிளகுப்பால் கொடுத்தார்கள். பதினைந்தில் டான்சில் என்றார்கள். இருபதில் "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். இப்போது நாற்பத்து நான்கு. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

பாட்டு டீச்சர்தான் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணித்தான் நம் ஊரில் சுருதி சொல்வார்கள். வெள்ளைக் கட்டைக்கு முழு எண், கறுப்புக் கட்டைக்கு அரை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. வகுப்பில் எட்டுப் பெண்கள் ஐந்தரையில் 'ஸா' பிடித்து நிற்க, நான் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து குரல் கொடுத்தேன். "உனக்கு ரெண்டரைக் கட்டைடி" என்றார் டீச்சர், ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வது போல. சரி, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நடுவில் மூன்றரையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஹார்மோனியத்தில் தேடிப் பார்த்தேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது. ஆண்டு விழா பஜனையில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்தார்கள்.

பெண் குரல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்கு நாள் முழுக்கப் பாடம் நடக்கிறது. எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்பதை, கல்யாணப் பத்திரிகை வைத்து அழைப்பது போல ஒரு பெண் சொல்கிறாள். சினிமாவில் கதாநாயகி மும்பையிலிருந்து வருவார், குரல் கோடம்பாக்கத்திலிருந்து வரும். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு நடிகை ரோகிணி பேசினார். திரிஷா நம்ம சென்னைப் பெண்தான், ஆனாலும் '96' படத்தில் பேசியது சின்மயி. அந்த வசதி நடிகைகளுக்கு மட்டும் ஏன் என்பதுதான் என் வருத்தம். வங்கியோடு பேசுவதற்கு எனக்கும் ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் இருந்தால் இந்நேரம் கிரெடிட் கார்டு வந்திருக்கும்.

மதுரைப் பெரியம்மா விஷயமே வேறு. அசல் ஐந்தரைக் கட்டை. பெண் பார்க்க வந்த அன்று பாடச் சொன்னார்களாம், பாடினாராம். கல்யாணம் நடந்தது. அப்புறம் நாற்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் யாரும் அவரைப் பாடச் சொல்லவில்லை. "மாட்டை வாங்கின பெறகு எவன்டி பல்லைப் புடிச்சுப் பாக்குறான்?" என்பார் பெரியம்மா.

பெரியம்மாவின் மாமியார் ஒரு சட்டமே வைத்திருந்தார்: பொம்பளை சத்தம் வாசப்படி தாண்டக் கூடாது. ஆனால் ஆடி மாதம் தெருமுனைக் கோயிலில் குழாய் ரேடியோ கட்டினால், எல்.ஆர். ஈஸ்வரி அதிகாலையிலிருந்து அதே வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்படி, பூஜையறை, கொல்லைப்புறம் எல்லாம் சுற்றிவிட்டுப் போவார். லூர்து மேரி என்ற பெயரில் பிறந்தவர் பாடிய மாரியம்மன் பாட்டுக்கு, சட்டம் போட்ட மாமியாருக்கே சாமி வந்ததாகக் கேள்வி. வெளியிலிருந்து உள்ளே வரலாம், உள்ளிருந்து வெளியே போகக் கூடாது. ஒருவழிப் பாதை.

மாமியார் போய்ச் சேர்ந்து, பெரியப்பா ரிட்டயராகி, மகன் ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுத்த பிறகு பெரியம்மா ஸ்மியூலில் இறங்கினார். தெரியாதவர்களுக்கு: ஸ்மியூல் என்பது கரோக்கி செயலி. பாட்டின் இசை மட்டும் ஓடும், வரிகள் நிறம் மாறிக்கொண்டே போகும், நாம் கூடவே பாட வேண்டும். டூயட் என்றால் ஒருவர் தன் பாதியைப் பாடித் திறந்து வைத்துவிட்டுப் போகலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது, எப்போதாவது, யாராவது வந்து மீதிப் பாதியைப் பாடுவார்கள். எதிரொலியைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சமையலறை திருப்பரங்குன்றம் குகைக்கோயில் ஆகிவிடும்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ரெக்கார்டிங். குக்கர் வைத்தபடியே பாடுவதால் சில பாட்டுகளில் இடையிசையோடு மூன்று விசில் இருக்கும். ஒரு பாட்டில் அனுபல்லவி முடிந்ததும் பெரியப்பா குரல் தெளிவாகக் கேட்கும்: "ஏய், மோட்டாரை நிப்பாட்டுனியா?" அதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு அதில் வருத்தம். மோட்டார் இல்லாமல் பாடியதை ஒருவரும் சீண்டவில்லை.

இதுவரை 1,312 பாட்டு பாடியிருக்கிறார். பி. சுசீலா 17,695 பாட்டு பாடியதற்காக 2016-இல் கின்னஸில் இடம்பெற்றதை யாரோ சொல்லிவிட்டார்கள். காலண்டரின் பின்பக்கத்தில் 16,383 பாக்கி என்று கழித்து எழுதி வைத்திருக்கிறார். "சுசீலாம்மா சின்ன வயசுலயே ஆரம்பிச்சுட்டாங்கடி. எனக்குத்தான் லேட்டு."

பெரியம்மாவின் நிரந்தர ஜோடி மஸ்கட்டில் இருக்கும் ஒருவர். முகப்புப் படத்தில் முகம் கிடையாது, ஒரு ரோஜாப்பூதான். வீட்டில் அவருக்கு ரோஜாப்பூ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியப்பா தினத்தந்தியைச் சற்றே இறக்கிக்கொண்டு விசாரணை நடத்துவார்.

"யாருடி அவன்?"

"மஸ்கட்ல இருக்காரு. பல்லவி அருமையாப் பாடுவாரு. சரணத்துல மூச்சு வாங்கும்."

"என்ன வயசாம்?"

"மூச்சு வாங்குறதை வச்சுப் பாத்தா உங்க வயசுதான்."

பெரியப்பாவுக்கு இது ஆறுதலா, அவமானமா என்று முடிவு செய்ய முடியவில்லை. "நாற்பத்தோரு வருஷமா என்கூட ஒரு பாட்டு பாடியிருப்பாளா?" என்று என்னிடம் புலம்பினார். நீங்கள் என்றைக்குப் பாடினீர்கள் என்று கேட்டேன். தினத்தந்தி மேலே ஏறியது.

சித்திரைத் திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது ரோஜாப்பூவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக ஆள் இல்லை. பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எதிர்சேவை பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தவளை "வாடி இங்கன" என்று கட்டிலில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்.

"இந்தா, ஆம்பளை வரி உனக்கு."

"பெரியம்மா, நான் பொம்பளை."

"அது எனக்குத் தெரியும். மைக்குக்குத் தெரியாதுல்ல?"

நான் தயங்கியதும் பெரியம்மா வக்கீலாகிவிட்டார். 'களத்தூர் கண்ணம்மா'வில் சின்னக் கமலுக்குப் பாடியது யாரு? எம்.எஸ். ராஜேஸ்வரி. 'சாவித்திரி' படத்துல நாரதர் யாரு? எம்.எஸ். சுப்புலட்சுமி. கே.பி. சுந்தராம்பாள், வீட்டுக்காரர் கிட்டப்பா போன பிறகு எந்த ஆம்பளையோடயும் ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன்னு இருந்தவங்க, தானே ஆம்பளையா, நந்தனாரா நடிச்சாங்க. அதுக்கு 1935-லயே ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். "உனக்கு நான் ஒரு தட்டு முறுக்கு தர்றேன்."

என் பங்குக்கு நான் உஷா உதுப்பை நினைத்துக்கொண்டேன். தமிழ்க் குடும்பத்துப் பெண். குரல் சரியில்லை என்று பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். அறுபதுகளின் கடைசியில் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு அதே குரலில் பாட ஆரம்பித்தார். இன்றுவரை நிறுத்தவில்லை. முறுக்கைக் கடித்துவிட்டு நானும் ஆரம்பித்தேன்.

ஒன்று கவனித்தேன். ஜானகி பாட்டை எட்டிப் பிடிக்கப் போய் முப்பது வருஷமாகத் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். பாலு பாடிய வரிகளோ, எனக்கென்று அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல உட்கார்ந்தன. எங்கும் இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. சரணத்தில் மூச்சுகூட வாங்கவில்லை. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். குக்கர் விசில் அடித்தது; இருவரும் கண்டுகொள்ளவில்லை. தெருப்பக்கம் சன்னல் திறந்துதான் கிடந்தது.

சாயங்காலத்துக்குள் கீழே பாராட்டுகள் குவிந்துவிட்டன. "அண்ணா, செம பேஸ் வாய்ஸ்." "சார் எந்த ஊர் கச்சேரிக் குழு?" ரோஜாப்பூவே காய்ச்சலோடு எழுந்து வந்து, "புது ஜோடியா மேடம்?" என்று கேட்டு ஒரு அழுகை முகம் போட்டிருந்தார். வங்கிப் பெண்ணுக்கு இந்த இணைப்பை அனுப்பினால் இந்த ஜென்மத்தில் கார்டு கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகக் கோவையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். "அக்கா, ஜோடிக் குரல் அவ்வளவு பொருத்தம். பாடுனது உங்க வீட்டுக்காரருங்களா?"

பெரியம்மா என்ன பதில் போடுவதென்று யோசித்துக்கொண்டிருந்தார். பின்னால் தினத்தந்தி மெதுவாக இறங்கும் சத்தம் கேட்டது.

"ஆமான்னு போடு" என்றார் பெரியப்பா.