நடக்கிற தூரத்துத் தரகர்

மயிலாப்பூரில் வாடகை வீடு தேடுவோருக்குத் தவறாமல் எதிர்ப்படும் ஒரு மனித வகை உண்டு. ஆய்வின் வசதிக்காக அவரை 'நடக்கிற தூரத்துத் தரகர்' என்று அழைக்கலாம். வீட்டுக்காரருக்கும் குடிவருபவருக்கும் இடையே பேசி முடித்து, அதற்குக் கூலியாக ஒரு மாத வாடகையைப் பெறுபவர் தரகர் என்பது பொது இலக்கணமாயினும், இவர் பேரம் பேசுவது வீட்டைப் பற்றியன்று, அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்து வைக்க வேண்டிய அடிகளைப் பற்றியே. கபாலீசுவரர் கோயில், தெப்பக்குளம், தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடைகள், லஸ் முனை, 1997 முதல் பறக்கும் ரயில் நின்று செல்லும் திருமயிலை நிலையம் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று காலுக்கு எட்டும் தொலைவில் அமைந்திருப்பதனால், வண்டி வாங்க வசதியில்லாதவரும், வண்டி இருந்தும் அதை நிறுத்த இடமில்லாதவரும் ஒருசேர அங்கே வந்து சேர்கின்றனர்.

முன்னோர் தொலைவைக் காதம் என்றும் கூப்பிடு தூரம் என்றும் அளந்தனர். ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழக்கூடிய எல்லையே கூப்பிடு தூரம். தரகர் கையாளுவதும் இதே அளவைதான்; அவர் கூப்பிடுவது செல்பேசியில் என்பதொன்றே வேறுபாடு. "கோயில் வாசல்ல நின்னா வீடு தெரியும் சார்" என்று அவர் சொல்லும்போது, நிற்பவர் கோபுரத்தின் உச்சியில் நிற்கிறார் என்று கொள்ளுதல் பொருந்தும். மந்தைவெளி அவர் வாயில் தெற்கு மயிலாப்பூர் ஆகிவிடும், ஆழ்வார்பேட்டை மேற்கு மயிலாப்பூர் ஆகிவிடும். தெற்கே இந்த விரிவு ஓர் இடத்தில் நிற்கிறதென்றால், அதற்குக் குறுக்கே ஓடும் அடையாற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மெட்ரோ ரயிலின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்க இருப்பதால், அதற்கான தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தவர் முகம் சுளித்தால், "வாசல்லயே மெட்ரோ வருது சார்" என்று அந்தத் தடுப்பையும் அவர் வீட்டின் சிறப்புகளுள் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்.

வீட்டின் உள்ளே அவருடைய சொல்வளம் சற்றுக் குறைவு. சன்னல் இருந்தால் காற்றோட்டம்; இல்லாவிட்டால் தூசி வராது. மாடியில் வீட்டுக்காரர் குடியிருந்தால் பாதுகாப்பு. வெளிநாட்டில் இருந்தால் தொந்தரவில்லை. குழாயில் குடிநீர் வாரியத் தண்ணீர் வருமா, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வருமா என்று கேட்டால், இரண்டும் வரும் என்பார். எப்போது எது வரும் என்பது குடிவந்த பின் தெரிவது. ஆயினும் ஒரே ஒரு கேள்வியில் மட்டும் அவர் மிகுந்த நுட்பம் காட்டுவார். "நீங்க… எப்படி சார்?" என்னும் அந்தக் கேள்வி பாதியில் நின்றுவிடும். சமையலறையில் என்ன வேகும் என்பதில் தொடங்கிப் பாட்டனார் எந்தத் தெருவில் பிறந்தார் என்பது வரை அதற்குள் அடங்கியிருப்பதை ஊரார் அறிவர். நேராகக் கேட்டால் அசிங்கம் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த வாக்கியம் அது.

அடுத்து வருவது 'அட்வான்ஸ்', அதாவது குடியிருப்பவர் காலி செய்யும்போது திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையில் கொடுத்து வைக்கும் முன்பணம். சென்னையில் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகை என்பது வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதித்துவிட்டு, இருவரும் வேறுவிதமாக உடன்பட்டால் தடையில்லை என்று பின்பக்கமாக ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. மயிலாப்பூரில் உண்மையாகவே நடக்கிற தூரத்தில் இருப்பது அந்த வாசல் ஒன்றுதான்.

இவ்வகையினரின் தலையாய அடையாளம் இன்னும் சொல்லப்படவில்லை. நடையின் பெருமையை நாள் முழுதும் பேசும் இவர் நடப்பதில்லை. வீடு பார்க்க வந்தவரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையாகப் புகுந்து, சந்துகளில் வளைந்து, பின்னிருப்பவர் தெருப்பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் இறக்கிவிட்டு, "பார்த்தீங்களா, ரெண்டு நிமிஷம்" என்பார். அந்த இரண்டு நிமிடத்தை நம்பி முன்பணம் கொடுத்தவர், முதல் நாள் காலையில் கத்தரிக்காய்ப் பையோடு வீடு திரும்பும் வழியில்தான் கணக்கைச் சரிபார்க்கத் தொடங்குகிறார்.

பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளன்று கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளை விடுவதில்லை. பெரியவர், சிறியவர், காவலர், மோர் கொடுப்பவர் என எல்லாரும் நடந்தே போக வேண்டும். அன்று தரகர் யாருக்கும் வீடு காட்டுவதில்லை.