‘வரலாம் வரலாம்’ அண்ணன்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் எந்தக் கம்பெனி வாசலில் நின்றாலும் அவரைப் பார்க்கலாம். அவருக்கு என்ன வேலை என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். லோடிங் கான்ட்ராக்டரின் ஆள் என்பார் ஒருவர். கேன்டீனுக்குக் காய்கறி இறக்க வந்தவர் என்பார் இன்னொருவர். “யாருன்னு தெரியாது சார், ஆனா தெனமும் இங்கதான் நிக்கிறார்” என்பார் செக்யூரிட்டி. நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று ரிவர்ஸ் கியர் போட்டு ‘பீப் பீப்’ என்று முனக ஆரம்பித்தால் போதும், குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார். வலது கை தானாக மேலே எழும். “வரலாம் வரலாம் வரலாம்!”

யாரும் கூப்பிடவில்லைதான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற அழைப்பிதழ் வைத்தா கூப்பிடுகிறார்கள்?

அண்ணன் நிற்பதற்கென்று ஓர் இடம் உண்டு. டிரெய்லருக்குப் பின்னால், நட்டநடுவில். டிரைவருக்கு இந்தக் கண்ணாடியிலும் தெரியாது, அந்தக் கண்ணாடியிலும் தெரியாது. குரல் மட்டும் அசரீரியாக வரும். இன்ஜின் இரைச்சலில் அதுவும் பாதிதான் வந்து சேரும். சங்ககிரியிலிருந்து வந்த டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “ஏனுங்ணா, எடமிருக்குதுங்களா?” என்று கேட்பார். “எவ்ளோ வோணும் உனுக்கு? லாரியே உள்ள பூந்துட்டுப் போவும், வாண்ணா!” என்று பதில் வரும். அடுத்து ‘டம்’ என்று ஒரு சத்தம். அதற்கும் அடுத்துத்தான், மிகுந்த பொறுப்போடு, அண்ணனின் குரல்: “போதும்.”

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது தலைகீழ் வித்தை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். அண்ணனோ “ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி” என்பார். எதை ஒடிப்பது? ஸ்டியரிங்கையா, வாலையா? கேட்டால் கோபித்துக்கொள்வார். கடைசியில் முன்னால் இழுக்கும் ஹார்ஸும் டிரெய்லரும் மடக்குக்கத்தியாக மடங்கி, கேபினின் முதுகு கன்டெய்னரின் மூலையை உரசும். நடுவில் ஓடும் ஏர் ஹோஸ்கள் விறைத்து இழுபடும். டிரைவர் பீகார்க்காரர் என்றால் அண்ணன் “ஆனே தோ, ஆனே தோ” என்று இந்திக்கு மாறிவிடுவார். நிறுத்தச் சொல்லும் இந்தியை அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கை நெருங்குவதற்கு முன்பே கன்டெய்னரின் இரண்டு கதவுகளையும் திறந்து, பக்கவாட்டில் மடித்து, கொக்கி மாட்டிவிட வேண்டும். இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். டாக்கின் ரப்பர் பம்பரில் டிரெய்லர் போய் ஒட்டிய பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். “அய்யே, கதவு தொறக்கலியா? முன்னால எடு, முன்னால எடு!” எடுத்தால் மறுபடி ரிவர்ஸ் வர வேண்டும். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

கன்டெய்னரைத் தூக்கி இறக்கும் இடத்தில்தான் அவருடைய முழு மகிமையும் தெரியும். கன்டெய்னரை டிரெய்லர் சட்டத்தோடு பிடித்துவைத்திருப்பவை நான்கு மூலையிலும் இருக்கும் ட்விஸ்ட் லாக்குகள். கால்வட்டம் திருப்பினால் பூட்டும், திரும்பவும் திருப்பினால் திறக்கும், அவ்வளவுதான். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவரிடமிருந்த இன்ஜினீயர் கீத் டான்ட்லிங்கர் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய பூட்டு இது. இன்றைக்கு உலக வியாபாரமே இதை நம்பித்தான் ஓடுகிறது. அண்ணன் மூன்றைத் திறந்துவிட்டு, நாலாவதற்குப் போகும் வழியில் போன் வந்ததால் பேச ஒதுங்கிவிடுவார். பேசிக்கொண்டே கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கருக்குக் கை காட்டுவார்: “தூக்கு!” அது தூக்கும். கன்டெய்னரோடு டிரெய்லரின் ஒரு மூலையும் கிளம்பி மேலே வரும். லாக் வளையும், சட்டம் கோணும். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் டிரெய்லரில் படகைக் கட்டி இழுத்துப்போய் ஏரிச் சரிவில் இறக்குகிறார்கள். அங்கேயும் பின்பக்கப் பட்டையை அவிழ்க்க மறந்தால், படகு மிதக்கும்போது டிரெய்லரையும் சேர்த்து இழுக்கும். அதே மறதிதான். பிள்ளைப்பாக்கத்திலும் பெரிய ஏரி இருக்கிறது. அங்கே யாரும் டிரெய்லரில் படகு கொண்டுவராதது ஏரி செய்த புண்ணியம்.

ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு கூத்து. ஹார்ஸைக் கழற்றிக்கொண்டு போகும்போது டிரெய்லரின் முன்பாரம் முழுக்க இரண்டு லேண்டிங் லெக்குகளில்தான் நிற்கும். மழையில் ஊறிய ரோட்டோரத்தில் அடியில் பலகையோ இரும்புத் தகடோ போடாமல் இறக்கினால், ராத்திரியில் ஒரு லெக் மண்ணுக்குள் போய், காலையில் டிரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். “தரை கெட்டியா கீது” என்று செருப்புக் காலால் இரண்டு மிதி மிதித்துச் சான்று கொடுத்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் ஹார்ஸை மாட்டியதும், “மாட்டிக்கிச்சு, கெளம்பு!” என்பவரும் அவரே. டிரெய்லரை ஹார்ஸோடு பிணைக்கும் கிங் பின் உண்மையிலேயே பூட்டிக்கொண்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும்; பிறகு கைப்பிடியைச் சுற்றி லெக்கை முழுக்க மேலே ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் அண்ணனுக்குப் பொறுமை ஏது? லெக் இறங்கியபடியே கிளம்பிய வண்டிக்கு முதல் ஸ்பீடு பிரேக்கரில் விடை கிடைக்கும்.

இடித்த பிறகு அண்ணன் வேறு மனிதர். உடைந்த டெயில் லாம்ப்பை முதலில் போய்ப் பார்ப்பவர் அவர்தான். நெளிந்த தகட்டைத் தடவி, “இது முன்னாடியே இருந்ததுபா” என்பார். டிரைவர் முறைத்தால், “நான் அப்பவே போதும்னேன், நீதான் கேக்கல” என்பார். சூப்பர்வைசர் சேத ரிப்போர்ட் எழுதப் பேப்பரோடு வரும்போது ஆளைக் காணோம். அந்தப் பேப்பரில் வண்டி நம்பர், டிரைவர் பெயர், லைசென்ஸ் நம்பர், நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். ‘வரலாம்’ என்றவர் பெயரை எழுதக் கட்டம் கிடையாது. பல இடங்களில் சேதத்துக்கான பணம் டிரைவரின் படியில் பிடிக்கப்படும்.

இருந்தாலும் அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பைசா வாங்காமல் நிற்பவரும் அவர்தான். ஊர் பேர் தெரியாதவர் குரலை நம்பி முப்பது டன்னைப் பின்னால் தள்ளுவது யார் குற்றம்?

ஆகவே டிரைவர் அண்ணன்மாரே, சோம்பல் பார்க்காமல் இறங்கி, ஒருமுறை பின்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சைகை காட்ட ஒரே ஒருவர் போதும். அவரும் உங்கள் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். கண்ணாடியில் அவர் மறைந்தால் பிரேக்கை மிதியுங்கள். ‘வரலாம் வரலாம்’ அண்ணன் ஓடிவந்தால் திட்டாதீர்கள். டீக்கடைக்கு அனுப்பி, காசையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். டெயில் லாம்ப்பை விட டீ மலிவு.