பேட்டரி போட்டால் ஓடும்

காரைக்காலில் அவர் இல்லாத தெரு அபூர்வம். பாரதியார் சாலையை ஒட்டிய சந்துகளில் இருப்பார், தலத்தெருவில் இருப்பார், கோட்டுச்சேரியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் இருப்பார். வயது அறுபதை ஒட்டி. முழுநேர வேலை, ஓடாத வண்டி ஒன்றுக்கு உரிமையாளராக இருப்பது. வண்டி பெரும்பாலும் அம்பாசிடர். வசதி குறைந்த கிளையில் மாருதி 800, பஜாஜ் சேத்தக். நாலு டயரும் தரையோடு அமுங்கி, பம்பரில் வேலிப்பருத்தி படர்ந்து, பின்சீட்டில் பூனை மூன்று தலைமுறை கண்டிருக்கும். வழியில் போகிறவர் யாராவது ஒரு விநாடி நின்று பார்த்தால் போதும், திண்ணையிலிருந்து குரல் வந்துவிடும்: "பேட்டரி மட்டும் போட்டா ஓடும் தம்பி. இஞ்சின்ல கையே வைக்க வேணாம்."

இஞ்சினில் கைவைக்க முடியாது என்பது உண்மைதான். பானட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு பல வருஷமாகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு இவரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. பொது இடத்தில் ஒரு வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ நின்றால், சீருடையில் உள்ள காவல் அதிகாரி அதை இழுத்துப் போகச் சொல்லலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். இழுத்த கூலி உரிமையாளர் தலையில். இப்படிச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்த ஆள், வண்டியைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனவன். நம்மவர் எங்கேயும் போகவில்லை. வண்டிக்கு எதிரே பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நகராட்சி ஊழியர் நோட்டீஸ் ஒட்ட வந்தால் பசை வாளியை வாங்கி ஓரமாக வைக்கிறார். "வெயில்ல அலையிறீங்களே, ஒரு வாய் மோர் குடிங்க." மோரைக் குடித்துவிட்டு அந்த வீட்டு வண்டியில் நோட்டீஸ் ஒட்டுவது மனிதனால் ஆகிற காரியமா?

சென்னையில் விஷயம் சுலபம். அங்கே மாநகராட்சியும் போக்குவரத்துக் காவலும் தெருவோரத்தில் கிடக்கும் வண்டிகளைக் கணக்கெடுத்து, நோட்டீஸ் ஒட்டி, கெடு முடிந்ததும் இழுத்துப் போகின்றன. வண்டி யாருடையது என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. காரைக்காலில் வண்டி யாருடையது, அவர் அப்பா யாரிடம் வாங்கினார், எந்தெந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது என்பதெல்லாம் நோட்டீஸ் ஒட்ட வந்தவருக்கே மனப்பாடம். ஒருமுறை அதில் மாப்பிள்ளையாக உட்கார்ந்து போனவர் அவருடைய சொந்த மாமாவாகக்கூட இருக்கலாம்.

மோருக்கும் மசியாத ஊழியர் வந்தால் அடுத்த படி இருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்த பின் இன்னொன்று நடக்கவில்லை. ஆகவே போய் முறையிடக் கவுன்சிலர் கிடையாது. நேரே எம்எல்ஏ. மாவட்டம் சின்னது, சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். "நாப்பது வருஷமா நம்ம குடும்பம்" என்று ஆரம்பித்தால், ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு போன் போகும். ஊழியர் பசை வாளியோடு அடுத்த தெருவுக்குப் போவார். அங்கேயும் ஒரு திண்ணை இருக்கும்.

வண்டியின் வரலாற்றை அவர் புயல் கணக்கில் சொல்வார். 2008 நவம்பரில் நிஷா இந்தப் பக்கம் கரையேறியபோது தண்ணீர் சைலன்சர் வரை வந்தது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது முருங்கை மேலே சாய்ந்து, கூரையில் ஒரு பள்ளம். "அம்பாசிடர்ங்கறதால தாங்குச்சு. இப்ப வர்ற காரா இருந்தா அப்பளம்." உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருக்கும் தகரத்தை அவர் தட்டிக் காட்டுவார், தட்டிய இடத்தில் கொஞ்சம் உதிரும். 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனதை அவர் துக்கச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. இனிமேல்தான் விலை ஏறும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டார். மாதம் ஒருமுறை வரும் பழைய இரும்புக்காரர் கிலோ விலை சொல்வது அவருக்கு ஆறாத அவமானம்.

நம்பர் பிளேட்டில் இன்னும் தேயாமல் இருப்பது பிஒய் 02. சாலை வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த சொகுசு கார்கள் கேரளத்தில் ஓடுவதாக 2017இல் பெரிய சர்ச்சை கிளம்பியது. சினிமா நட்சத்திரங்கள் பெயரெல்லாம் அடிபட்டது. அந்த வண்டிகள் பதிவான ஊரில் நின்றதே இல்லை. நம்மவர் வண்டி பதிவான ஊரில் நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. பிரதேசத்தின் மானத்தைக் காப்பாற்றியது யார் என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

வண்டியால் பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாங்கனித் திருவிழா அன்று பவளக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். பானட் மேல் ஏறி நிற்கும் தெருப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஒன்றிரண்டு பழம் கூடுதல். ஆயுத பூஜைக்கு முன்பக்கம் மட்டும் கழுவப்பட்டு, சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம் சாத்தப்படும். பின்பக்கம் கழுவினால் பின்பக்கம் இருக்காது.

பக்கத்திலேயே திருநள்ளாறு. சனி பகவானே இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ராசி மாறுகிறார். இந்த அம்பாசிடர் மாறாது. 2023 டிசம்பர் 20 பெயர்ச்சியைப் போல லட்சக்கணக்கில் கூட்டம் வரும் நாட்களில் வழிநெடுக ஓரங்களைக் காலிசெய்யச் சொல்வார்கள். அப்போது மட்டும் ஆறு பேர் சேர்ந்து வண்டியைச் சந்துக்குள் தள்ளுவார்கள். பெயர்ச்சி முடிந்த மறுவாரம் அதே ஆறு பேரைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பழைய இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்.

அவரை உண்மையில் திணறடிப்பவர் கொசு ஒழிப்பு ஊழியர் ஒருவர்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையோ தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். கூரைப் பள்ளம், டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி, ஹெட்லைட் கிண்ணம் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "ஐயா, ஓடுறது வண்டி இல்ல, புழுதான்" என்றால் அவரிடம் பதில் இல்லை. தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறார். அந்தச் சிரட்டையை டிக்கியிலேயே வைத்துவிடுகிறார்.

ரொம்பவும் நெருக்கினால் கையை நீட்டிக் காவல் நிலையத்தைக் காட்டுவார். "முதல்ல அங்க நிக்கிறத எடுக்கச் சொல்லுங்க." இதில் நியாயம் உண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகை மாவட்டம், நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை. இந்தப் பக்கம் சரக்கு விலை குறைவு. சீட்டுக்கடியில் பாட்டில் அடுக்கிய மொபெட், கதவுக்குள் ரகசிய அறை செய்த கார் என்று அந்தப் பக்கத்தில் பிடிபடுபவை தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி பறிமுதலாகி, ஏலம் வரும்வரை மழையில் நனையும். பறிமுதல் வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் போட்டுவைப்பதில் ஒரு பயனும் இல்லை, படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவியுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு 14 நாளில் பட்டியல், அதன்பின் 30 நாளில் உத்தரவு என்று கெடுவே வைக்கிறது. ஆனாலும் நாடு முழுக்க நிலைய வளாகங்களில் வண்டிகள் நிற்கின்றன. அரசாங்கத்துக்கும் ஒரு திண்ணை இருக்கிறது என்பதுதான் அவர் வாதம்.

இவரையும் அசைத்தது பணம். 15 ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000. இரும்புக்காரர் சொன்ன விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, முறைப்படியே உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று மருமகன் சொன்னான். 2021 செப்டம்பரில் வந்த விதிப்படி, அனுமதி பெற்ற உடைப்பு மையத்தில் வண்டியைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டி வாங்கும்போது சலுகை. ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். பெயர், அப்பாவுடையது. அப்பா போய்ப் பல காலமாகிறது. இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், கூடப் பிறந்தவர்கள் சம்மதம் வேண்டும்.

தம்பி இருப்பது பாரிஸ் பக்கம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் எத்தனையோ காரைக்கால் குடும்பங்களைப் போல அவருக்கும் அங்கேதான் வேலை, வீடு, ஒரு பெழோ கார். பிரெஞ்சு சாலை விதியில் ஒரே இடத்தில் ஏழு நாளுக்கு மேல் வண்டி நின்றால் 35 யூரோ அபராதம், அதற்கும் மேல் இழுத்துப்போய் அடைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் தம்பி வாரம் தவறாமல் தன் காரை நாலு வீடு தள்ளி நகர்த்தி நிறுத்துகிறவர். அண்ணன் வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் தழுதழுத்தது. "அப்பா வண்டிண்ணே அது. இரும்புக்குப் போடவா? ஆகஸ்ட் லீவுல நான் வர்றேன். ஒரு பேட்டரி போட்டா ஓடப்போவுது."