நின்றுபோன நிரல் விட்டுச்செல்லும் எண்

கேள்வி: நேற்றுவரை ஓடிய கட்டளைவரி நிரல் இன்று திடீரென ஓட மறுத்தால்?

பதில்: லினக்ஸின் பாஷ் ஷெல்லில் எந்த நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். உடனே 'எக்கோ $?' என்று கொடுத்தால் அது தெரியும். கேள்விக்குறியே பதில் சொல்லும் இடம் இது. 0 என்றால் நலம். 127 என்றால் கட்டளையே அகப்படவில்லை, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்' மாறியிருக்கலாம். 126 என்றால் கோப்பு உண்டு, இயக்க அனுமதி இல்லை. முக்கியமானது 137: 128உடன் 9 சேர்ந்தது, அதாவது 'கில்' சிக்னல். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னலே நிரலைக் கொன்றிருக்கும். கெர்னல் பதிவில் அதற்குச் சாட்சி இருக்கும். அப்போது நிரலை மறுபடி நிறுவுவது வீண்வேலை. கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று வந்தால், அந்த ஸ்கிரிப்ட் கோப்பின் முதல் வரியின் முடிவில் விண்டோஸ் வரிமுடிவுக் குறி ஒட்டியிருக்கக்கூடும். 'டாஸ்டுயூனிக்ஸ்' என்ற கருவி அதை நீக்கிவிடும்.