ரஸ்புடின் பாட்டும் முழங்கால் கோட்பாடும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

போனி எம் குழுவினர் 1978இல் வெளியிட்ட ‘ரஸ்புடின்’ என்னும் டிஸ்கோ பாட்டு இன்றுவரை ஏன் சாகவில்லை என்பதே இவ்வாய்வின் பொருள். இப்பொருளில் முன்னாய்வுகள் ஏதுமில்லை. ஏதுமில்லை என்று எழுதுவது மரபு. தேடிப் பார்ப்பது மரபன்று.

ஆய்வு எல்லை: பாட்டின் நீளம்.

ஆய்வு நோக்கம்: மேற்படி.

பெயர்க்காரணம்: இப்பகுதி வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. ‘ரஸ்புடின்’ என்ற சொல் நம் வேர்ச்சொல் அறிஞர்கள் கையில் சிக்கினால் பொழுது விடிவதற்குள் சைபீரியா நம்முடையதாகிவிடும். அங்கே குளிர் அதிகம்.

ஆசிரியர் யார் என்னும் சிக்கல்

பாட்டை எழுதியவர்களாக மூவர் பெயர் பதிவாகியிருக்கிறது: ஃப்ராங்க் ஃபாரியன், ஜார்ஜ் ரேயம், ஃபிரெட் ஜே. இவர்களில் ஃபாரியன்தான் தயாரிப்பாளர், ஜெர்மன்காரர். மேடையில் நின்ற நால்வர் வேறு. லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். மெய்ஸி வில்லியம்ஸ் மொன்செராட் தீவு. பாபி ஃபாரெல் அரூபா தீவு. ஆக, சைபீரியக் குடியானவர் ஒருவரைப் பற்றிக் கரீபியன் தீவுக்காரர்கள் ஜெர்மன் தயாரிப்பில் ஆங்கிலத்தில் பாடிய பாட்டு இது. ஒப்பிலக்கியத் துறையினர் இதைத் தொடாமல் விட்டதற்குக் கருத்தரங்க நிதி வராததே காரணம் என்பர் (சித்தப்பா, வாய்மொழி).

மேடையில் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டுக்கொண்டு குதித்து, சுழன்று, அடித்தொண்டையில் முழங்கியவர் பாபி ஃபாரெல். ஆனால் அந்தத் தொண்டை ஃபாரியனுடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஃபாரெலின் வரிகளை ஃபாரியனே பாடிவிடுவார். மேடையில் ஃபாரெல் வாயசைப்பார். மெய்ஸி வில்லியம்ஸும் இசைத்தட்டுகளில் பாடியவர் அல்லர். ஐரோப்பியர் இதையெல்லாம் பெரிய தில்லுமுல்லாகப் பேசினார்கள். பின்னாளில் ஃபாரியன் மில்லி வனில்லி என்ற இருவரை வைத்து இதே வேலையைச் செய்து மாட்டிக்கொண்டபோது, அவர்களுக்குக் கொடுத்த கிராமி விருதையே 1990இல் பிடுங்கிக்கொண்டார்கள். டி.எம். சௌந்தரராஜன் ஒருவரே எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாட, இரு தரப்பு ரசிகர்களும் தியேட்டர் வாசலில் சட்டையைக் கிழித்துக்கொண்ட ஊரில் போய் இதைச் சொன்னால் “அதுல என்ன தப்பு?” என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள் (அத்தை, அடுப்படி, திரும்பிப் பாராமல்).

மெட்டின் பிறப்பிடம்

பாட்டின் சரணம் ‘உஸ்குதாருக்குப் போகும்போது’ என்ற பொருள்படும் பழைய துருக்கி நாட்டுப்பாடலின் சாயலில் நடக்கிறது. காது உள்ளவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். பாட்டாசிரியர் மூவரில் துருக்கிக்காரர் எவரும் இல்லை. ஆனால் இது துருக்கி மெட்டுதானா என்று கேட்டால் வம்பு வரும். பல்கேரிய இயக்குநர் அடெலா பீவா இந்த மெட்டைத் தேடி ஊர் ஊராகப் போய், ‘இது யாருடைய பாட்டு?’ என்ற பொருளில் தலைப்பிட்டு 2003இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். துருக்கியர், கிரேக்கர், அல்பேனியர், போஸ்னியர், செர்பியர், பல்கேரியர் என்று எல்லாரும் எங்கள் பாட்டு என்றார்கள். பக்கத்து நாட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார் என்றதும் சில இடங்களில் கைகலப்பு வரும் போலிருந்தது. இதற்கிடையில் காஜி நஸ்ருல் இஸ்லாம் அதே மெட்டை வங்காளத்துக்குக் கொண்டுவந்து நபிகள் புகழ் பாடவைத்துவிட்டார். எர்த்தா கிட் 1953இல் அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். இத்தனை பேர் கைமாறிய சொத்துக்கு வில்லங்கச் சான்று கேட்பது வீண் வேலை.

மூலபாட ஆராய்ச்சி

இனி வரலாறு. தவிர்க்க முயன்றோம், நெறியாளர் விடவில்லை.

கிரிகோரி ரஸ்புடின் 1869இல் சைபீரியாவில் பொக்ரோவ்ஸ்கொயே என்ற கிராமத்தில் பிறந்தவர். ரத்தம் உறையாத நோய் கொண்ட பட்டத்து இளவரசர் அலெக்ஸேயின் வேதனையைத் தணிக்கிறார் என்று அரசி அலெக்சாண்ட்ரா நம்பியதால் அரண்மனைக்குள் செல்வாக்குப் பெற்றார். 1916 டிசம்பரில், மொய்கா என்ற சிற்றாற்றின் கரையில் இருந்த இளவரசர் ஃபெலிக்ஸ் யூசுபோவின் மாளிகைக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இந்த அளவில் தகராறு இல்லை.

அந்த இரவில் என்ன நடந்தது என்பதை நமக்குச் சொன்னவர்களோ கொலையாளிகள். கூட்டாளி புரிஷ்கேவிச் ஒரு நாட்குறிப்பு விட்டுப் போனார். யூசுபோவ் புத்தகமே எழுதினார். அவர் சொல்படி, கீழறையில் சயனைடு வைத்த கேக்கும் ஒயினும்; மாடியில் விருந்து நடப்பதாகக் காட்டிக்கொள்ள கிராமபோனில் அமெரிக்கப் பாட்டு. விஷம் வேலை செய்யக் காத்திருந்த நேரத்தில் யூசுபோவே கிதாரை எடுத்து விருந்தாளிக்குப் பாட்டும் பாடினாராம். ரஸ்புடின் கதைக்கு இசைப் பின்னணி போட்ட முதல் ஆள் ஃபாரியன் அல்லர் என்பது இதனால் நிறுவப்படுகிறது.

விஷம் ஏறவில்லை, சுட்டார்கள், செத்தவர் கண் விழித்து எழுந்து முற்றத்துக்கு ஓடினார், மறுபடி சுட்டார்கள், கட்டி ஆற்றில் போட்டார்கள். பின்னால் வந்த நூல்கள் பல இதோடு நிற்கவில்லை. ஆற்றுக்குள்ளும் அவர் உயிரோடு இருந்து, கட்டை அவிழ்த்து, கடைசியில் மூழ்கித்தான் செத்தார் என்று அடித்துச் சொல்லின. பிரேதப் பரிசோதனையின்படி உடலில் பாய்ந்தவை மூன்று குண்டுகள், ஒன்று நெற்றியில். சாவு குண்டால் வந்தது, தண்ணீரால் அன்று.

இப்போது டிஸ்கோ பாட்டுக்கு வருவோம். அதில் விஷம் வைத்த ஒயின் இருக்கிறது. குடித்துவிட்டு அவர் தெம்பாக இருக்கிறார். பிறகு சுடுகிறார்கள், சாகிறார். ஆறே கிடையாது. தொப்பியும் பளபளச் சட்டையும் போட்டு ஆடிய நால்வர், அடிக்குறிப்போடு வந்த கனத்த புத்தகங்களைவிட மருத்துவர் அறிக்கைக்கு ஓரடி நெருக்கமாக நிற்கிறார்கள். அரசிக்குக் காதலர் என்று பாட்டு சொல்வதற்கு ஆதாரம் கிடையாது, உண்மைதான். ஆனால் அந்த வதந்தியைப் பாட்டு பெற்றெடுக்கவில்லை. ரஸ்புடின் காலத்துப் பெட்ரோகிராடில் கேலிச்சித்திரமாகவும் துண்டுப் பிரசுரமாகவும் தெருவில் விற்ற சரக்கு அது.

ஆற்றுக்கதை எப்படிப் பரவியது? ஒருவர் கொலையாளியைப் பார்த்து எழுதினார். அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். மூன்றாமவர் இருவரையும் மேற்கோள் காட்டி ‘அறிஞர் பலரும் ஒருமித்து’ என்று தொடங்கினார். நம் பல்கலைக்கழகங்களில் இப்படியொரு பழக்கம் அறவே இல்லை என்பதை, வாய்மொழித் தேர்வு இன்னும் முடியாத நிலையில், இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறோம்.

முழங்கால் கோட்பாடு

இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: பாட்டு நிலைத்ததற்குக் காரணம் வரலாறு அன்று, மெட்டு அன்று, குரலும் அன்று. முழங்கால்.

ரஸ்புடின் கசச்சோக் ஆட்டத்தில் கெட்டிக்காரர் என்று பாட்டே புகழ்கிறது. பரதத்தில் முழுமண்டி என்போமே, அந்த உட்காரலில் இருந்து எழாமலே கைகளை மார்பில் கட்டிக்கொண்டு காலை மாற்றி மாற்றி முன்னால் உதைப்பது இவ்வகை ரஷ்ய ஆட்டத்தின் கையெழுத்து. பார்ப்பவருக்கு இது எளிதாகத் தெரியும். உலகில் பார்க்க எளிதாகவும் செய்ய முடியாததாகவும் உள்ள வேலைகளில் இதற்கு முதலிடம் உண்டு. வேறெந்தப் பாட்டைக் கேட்டாலும் ஆடத் தோன்றும். இந்தப் பாட்டைக் கேட்டால் மட்டும், தன்னால் உட்கார்ந்து எழ முடியும் என்ற நம்பிக்கை தோன்றும். அந்த நம்பிக்கை ஐம்பது வயதுக்கு மேல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

களஆய்வு ஒரு கல்யாண ரிசப்ஷனில் நிகழ்த்தப்பட்டது. டி.ஜே. பாட்டைப் போட்டதும் சித்தப்பா கையிலிருந்த வெற்றிலையை மடித்துப் பையில் வைத்தார். சரணம் முழுக்க நின்ற இடத்தில் தோளை மட்டும் குலுக்கினார். இதைத் தயாரிப்பு நிலை எனலாம். பல்லவி வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார். வளையம் விட்டது கூட்டம். முதல் உதை வலது காலில், சுத்தம். இரண்டாம் உதை இடது காலில், செருப்பு போய் ஐஸ்கிரீம் கவுண்டரருகில் விழுந்தது. மூன்றாம் உதை நிகழவில்லை. கால் மடங்கிய வாக்கிலேயே அவர் முகத்தில் ஒரு புன்னகை நின்றுவிட்டது. “டேய், பாட்ட நிறுத்தாதீங்கடா, என்னைத் தூக்குங்கடா” என்றார். இரு அக்குளிலும் ஆள் நின்று தூக்கினார்கள். நின்றவுடன் முதல் சொல்: “அடுத்த பல்லவி எப்ப வரும்?”

இந்தத் தரவிலிருந்து இரண்டு மரபுகள் கிளைத்தன. முட்டி மரபினர், சித்தப்பாவைக் கீழே நிறுத்தியது முழங்கால் மூட்டு என்பர். இடுப்பு மரபினர் அதை மறுத்து, முட்டி வெறும் கருவி, கர்த்தா இடுப்பே என்பர் (பெரியப்பா, அதே பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடையே). இருவரையும் மறுக்கும் வேட்டி மரபு ஒன்றும் உண்டு: மடித்துக் கட்டிய வேட்டி அகட்டலைத் தடுத்தது, பேண்ட் போட்டிருந்தால் ஏழு உதை போயிருக்கும் என்பது அவர்கள் துணிபு (சித்தப்பாவின் கூற்று, அதைப் பெரியப்பா மறுத்ததாக அத்தை கூறியது, அத்தை அங்கே இல்லவே இல்லை என்று சித்தி திருத்தியது, இம்மூன்றையும் சமரசப்படுத்தும் கேட்டரிங்காரர் உரை, ஈரத்துண்டில் கை துடைத்தபடி, முழுப்பிரதி கிடைக்கவில்லை, கிடைத்த ஏட்டில் பாயசக் கறை).

முழங்கால் கோட்பாட்டுக்கு அகச்சான்றும் உண்டு. பாட்டின் நடுவில் இசை அடங்கி, செய்தி வாசிப்பவர் தொனியில் ஒருவர் பேசுகிறார்: குடியும் கூத்தும் எல்லை மீறிவிட்டன என்று. இது கதையை நகர்த்தும் உத்தி என்று மேலோட்டமாகப் படிப்பவர் சொல்வர். அன்று, இது முதலுதவி. மூச்சு வாங்குபவர் எழுந்து நாற்காலியைப் பிடிக்கத் தேவையான அவகாசத்தை ஆசிரியர் மூவரும் கணக்குப் போட்டே வைத்திருக்கிறார்கள். மொத்த டிஸ்கோ மரபிலும் எலும்பு மருத்துவர் பார்வையில் எழுதப்பட்ட பகுதி இது ஒன்றே என்று கருத இடமிருக்கிறது (மேற்படி கேட்டரிங்காரர், ஏட்டின் மறுபக்கம், வெற்றிலைக் காம்பால் எழுதிய விளிம்புக் குறிப்பு; எழுதியவர் அவரா, அவர் உதவியாளரா என்பதில் பாடபேதம்).

பிற்காலச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. 2010இல் வந்த ‘ஜஸ்ட் டான்ஸ் 2’ என்ற வீடியோ கேமில், பாட்டு வெளிவந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் வரவேற்பறையில் இதற்கு ஆடினார்கள். 2021இல் மெஜஸ்டிக் என்ற டி.ஜே. மறுகலவை செய்ய, டிக்டாக்கில் இளசுகள் ஆடித் தீர்த்தார்கள்; பாட்டு மறுபடி பிரிட்டிஷ் தரவரிசையில் ஏறியது. 1978இல் அங்கே இரண்டாம் இடம், ஜெர்மனியில் முதலிடம். இடையில் போன நாற்பத்துச் சொச்சம் ஆண்டில் மாறியது முழங்கால்களே, கோட்பாடு அல்ல.

தடைவரலாறு

1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோவில் நிகழ்ச்சி நடத்தியது. டிக்கெட்டுக்கு அடிதடி. ரஸ்புடின் பாட்டு மட்டும் பாடப்படவில்லை, அரசு விரும்பவில்லை. ரஷ்யாவைப் பற்றிய பாட்டு ரஷ்யாவைத் தவிர மற்றெல்லா இடத்திலும் ஒலித்தது. புலவரைப் புகழ்ந்து பேசும் விழாவுக்குப் புலவரை மட்டும் கூப்பிடாத நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டு ஆராயலாம். ஆராயவில்லை.

கால ஆராய்ச்சி

ரஸ்புடின் இறந்தது பழைய ரஷ்ய நாட்காட்டியில் டிசம்பர் 17, இன்றைய நாட்காட்டியில் டிசம்பர் 30. மேடையில் அவராக ஆடிய பாபி ஃபாரெல் 2010 டிசம்பர் 30 அன்று, ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் (அன்றைய பெட்ரோகிராடு) நகரில், முந்தைய இரவு நிகழ்ச்சி முடித்த பின் ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார். பதின்மூன்று நாள் தள்ளிப் பார்த்தால் இந்தப் பொருத்தம் கிடையாது. எந்த நாட்காட்டி வசதியோ அதில் நாள் குறித்து, பிறகு விதி என்று பெயரிடுவது காலக் கணிப்பாளர்கள் கையாளும் முறை. சங்கப் பாடல்களுக்கு நாள் குறிப்பவர்கள் இதை ஏற்கெனவே நன்கு அறிவார்கள். ஃபாரெலுக்கு வயது 61. அவரைப் பற்றி வேடிக்கை பேச இந்த ஆய்வாளருக்கு மனமில்லை. அடுத்த பகுதிக்குப் போவோம்.

மகள்

ரஸ்புடினின் மகள் மரியா புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி, சர்க்கஸில் விலங்குகளைப் பழக்குபவராக வேலை பார்த்தார். அமெரிக்காவில் ஒரு கரடி அவரைக் கடித்துக் குதறியது, பிழைத்தார். லாஸ் ஏஞ்சலஸில் 1977இல் காலமானார். பாட்டு மறுவருடம் வந்தது. கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பாரா என்பது மேலாய்வுக்கு உரியது.

பொறுப்புத் துறப்பு

வழக்கு என்றதும் ஒன்று. எம்.ஜி.எம். நிறுவனம் 1932இல் ரஸ்புடினையும் அரசியையும் வைத்துப் படம் எடுத்தது. கதைமாந்தர் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே பெருமையாக எழுத்துப் போட்டார்கள். உயிரோடிருந்தவர்களில் ஒருவர் யூசுபோவின் மனைவி இளவரசி இரீனா. படத்தில் ரஸ்புடினிடம் கற்பிழப்பதாக வரும் இளவரசிப் பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது என்று லண்டனில் வழக்குப் போட்டு, 1934இல் 25,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார். படத்தில் வரும் கொலையாளி நான்தான் என்று நிறுவ அவர் கணவர் சாட்சிக் கூண்டில் ஏறி, கொன்ற கதையை வரிசையாகச் சொன்னார். கொலையை ஒப்புக்கொண்டு குடும்பம் லாபம் பார்த்தது. அதிலிருந்துதான், இதில் வரும் யாவும் கற்பனையே என்று படத்துக்குப் படம் எழுத்துப் போடும் வழக்கம் வேரூன்றியது. நம் ஊர்த் திரையரங்கில் பாப்கார்னோடு இருக்கை தேடும்போது திரையில் ஓடுகிறதே, அதற்கும் தாத்தா ரஸ்புடின்.

ஆகவே சட்டப்படி: இக்கட்டுரையில் வரும் சித்தப்பா, சித்தி, பெரியப்பா, அத்தை யாவரும் கற்பனையே. யூசுபோவ் நிஜம், கிதார் அவர் சொன்னது, கரடி நிஜம். கேட்டரிங்காரரும் கற்பனையே, ஆனால் அவர் இதை ஒப்புக்கொள்ளாமல், கட்டுரையில் தன்னை இணை ஆசிரியராகப் போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நெறியாளரின் பெயர் ஏற்கெனவே முதலில் போடப்பட்டுவிட்டதால் இடமில்லை.