எந்தப் படத்தை வைத்துக்கொள்வது?

கேள்வி: பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், தீபாவளி கழிந்த விடுமுறையில் என்னுடன் சென்னைக்குப் போனபோது கைப்பேசி நிறையப் படம் எடுத்துவிட்டார். உழைப்பாளர் சிலையே ஏகப்பட்டது! எதை அழிப்பது?
– ஒரு வாசகி, நாரணாபுரம்

பதில்: அம்மணி, 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தையும் 1913-இல் எழுந்த ரிப்பன் மாளிகையையும் நேர்த்தியாகப் படம்பிடித்தோர் ஆயிரம் பேர் உண்டாகையால், அவற்றில் ஒவ்வொன்று போதும், ஆனால் மாளிகையின் மணிக்கூண்டைப் பாதியில் வெட்டிவிட்டு, தாங்கள் முந்தானையால் வெயிலை மறைத்து நிற்பதைக் கோணலாக எடுத்திருப்பாரே, அதை அவரையன்றி எவராலும் எடுத்திருக்க முடியாதாதலால், அவசியம் இரட்சியுங்கள். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட சிலையில், பாறையை நெம்பும் நால்வரின் புடைத்த புஜங்களைக் கண்டு, வருஷமெல்லாம் உழைக்கும் ஒருவர் நகர மனமின்றி நின்றது சகஜமே. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளாமல் அச்சிலையின் படங்களில் கைவைக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பியாயிற்றே என்று மூலத்தையும் அழித்துவிட வேண்டாம். அவ்வழிப் போகும் படம் தெளிவு குன்றுவதோடு, தன்னுள் பதிந்த தேதியையும் உதறிவிடும். தேசத்துக்கே நாட்காட்டி அச்சிட்டுத் தரும் சிவகாசியின் பக்கத்தில் இருந்துகொண்டு, தாங்கள் தேதியைத் தொலைக்கலாமா?